இழைப்புளி பிளேடைத் தீட்டும்போது சரியான சாய்வுக் கோணம் அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

புதிதாகத் தீட்டிய பிளேடு கை முடியை மழிக்கிறது. ஆனால் இழைப்புளியில் மாட்டிப் பலகையில் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகிறது. அழுத்தித் தள்ளினால் ஒரு இடத்தில் திடீரென்று கடித்து நிற்கிறது. இந்த நிலையில் பலரும் கல்லை மாற்றுகிறார்கள், எஃகு மட்டம் என்கிறார்கள், மரம் சரியில்லை என்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு இருப்பது கோணத்தில்தான். கூர் இருக்கிறது, ஆனால் அந்தக் கூர் மரத்தைத் தொடவே முடியாதபடி அதன் பின்பக்கம் மரத்தில் உரசிக்கொண்டிருக்கிறது.

எந்தக் கோணத்தில் தீட்டுவது என்று கேட்டால் 25, 30 என்று இரண்டு எண்களைச் சொல்வார்கள். அந்த எண்கள் சரிதான். ஆனால் எந்த இழைப்புளிக்கு, எதற்காக என்று புரியாமல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் மேலே சொன்ன சிக்கலில் இருந்து வெளியே வர முடியாது. அதனால் தீட்டுக்கல்லைத் தொடுவதற்கு முன் இழைப்புளியைப் பார்ப்போம்.

சாய்வு கீழேயா, மேலேயா?

பிளேடு இழைப்புளிக்குள் உட்கார்ந்திருக்கும்போது அதன் சாய்வுப் பக்கம், அதாவது முனையில் சரிவாகத் தீட்டிய பக்கம், எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். நம் ஆசாரிகளின் மர இழைப்புளி, ஸ்டான்லி 4, 5 போன்ற இரும்பு இழைப்புளிகள், அதே அமைப்பில் இந்தியாவில் வரும் இழைப்புளிகள் எல்லாவற்றிலும் சாய்வு கீழ்நோக்கி, அதாவது மரத்தைப் பார்த்தபடி இருக்கும். ஒரு கையில் அடங்கும் பிளாக் பிளேன்களிலும், லோ ஆங்கிள் என்று விற்கப்படும் பெரிய இழைப்புளிகளிலும் சாய்வு மேலே இருக்கும். கோணக் கணக்கு இரண்டுக்கும் முற்றிலும் வேறு.

அடுத்து, பிளேடு படுத்திருக்கும் படுகையின் கோணம். ஸ்டான்லி வகையில் இது 45 டிகிரி. மர இழைப்புளியில் செய்தவரைப் பொறுத்து மாறும், அதனால் அளந்துவிடுவது நல்லது. பள்ளிப் பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸில் இரண்டு மூலைமட்டங்கள் இருக்குமே, அவை இந்த வேலைக்குப் போதும். இழைப்புளியைச் சமதளத்தில் வைத்து, 45 டிகிரி மூலைமட்டத்தைப் பக்கத்தில் நிறுத்தி, பிளேடின் சரிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் பாகைமானியை வைத்துச் சரியான எண்ணைப் படித்துக்கொள்ளலாம். இன்னொரு மூலைமட்டம் 30-60 கோணமுடையது. அதையும் பத்திரமாக வைத்திருங்கள், பின்னால் பெரிய உதவி செய்யும்.

சாய்வு கீழே இருந்தால் கோணம் எதை மாற்றுகிறது

45 டிகிரி படுகையில் சாய்வு கீழே பார்த்து உட்கார்ந்த பிளேடு, மரத்தை எப்போதும் 45 டிகிரியில்தான் சந்திக்கிறது. நீங்கள் 25-இல் தீட்டினாலும் 35-இல் தீட்டினாலும் வெட்டும் கோணம் மாறாது, ஏனென்றால் மரத்தைச் சந்திப்பது பிளேடின் தட்டையான முதுகு. தீட்டும் கோணம் மாற்றுவது இரண்டை மட்டும்: முனை எவ்வளவு தடிமனாக, எவ்வளவு நாள் தாங்கும்படி இருக்கிறது என்பதையும், முனைக்குப் பின்னால் பிளேடுக்கும் மரத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதையும்.

இந்த இரண்டாவதை அடி இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிது: படுகைக் கோணத்தில் இருந்து தீட்டிய கோணத்தைக் கழித்தால் வருவதுதான் அது. 30-இல் தீட்டினால் 15 டிகிரி மிச்சம். 35-இல் தீட்டினால் 10. 40-க்குப் போய்விட்டால் 5 தான். வெட்டப்பட்ட மர நார்கள் பிளேடு கடந்ததும் சற்றே மேலே எழும்பும். அப்படி எழும்ப இடம் இல்லாவிட்டால் நார் பிளேடின் அடியில் முட்டி, பிளேடைத் தூக்கிவிடும். அதுதான் அந்த வழுக்கல். குறைந்தது 10 டிகிரி அடி இடைவெளி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், 12-க்கு மேல் இருந்தால் நிம்மதி.

யாரும் வேண்டுமென்று 40 டிகிரியில் தீட்டுவதில்லை. கையால் தீட்டும்போது ஒவ்வொரு முறையும் முனை சீக்கிரம் கூராகட்டும் என்று பிளேடின் வாலை, அதாவது முனைக்கு எதிர்ப்பக்க நுனியை, கொஞ்சம் தூக்குகிறோம். அடுத்த முறை இன்னும் கொஞ்சம். சில மாதங்களில் முனை உருண்டையாகி, 30 என்று நினைத்துக்கொண்டிருப்பது 40-ஐத் தொட்டிருக்கும். பிளேடைக் கழற்றி, விளக்கின் கீழ் சாய்வைப் பிடித்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். தட்டையான சாய்வு முழுவதும் ஒரே நேரத்தில் பளிச்சிட்டு, ஒரே நேரத்தில் அணையும். உருண்ட சாய்வில் ஒளிக்கோடு ஒரு ஓரத்தில் தொடங்கி முனையை நோக்கி நகர்ந்து போகும்.

இப்போது இருக்கும் கோணத்தை அளக்க

சின்னச் சாய்வின் மேல் பாகைமானியை வைத்துப் படிப்பது கஷ்டம். அதைவிட நம்பகமான வழி, பிளேடின் தடிமனையும் சாய்வின் நீளத்தையும் அளப்பது. 30 டிகிரி என்றால் சாய்வின் நீளம் தடிமனைப் போல் சரியாக இரண்டு மடங்கு. 25 டிகிரி என்றால் ஏறக்குறைய 2.4 மடங்கு. 35 டிகிரி என்றால் 1.75 மடங்கு.

பழைய ஸ்டான்லி வகை பிளேடு சுமார் 2 மி.மீ. தடிமன். அதில் 30 டிகிரி சாய்வு 4 மி.மீ. நீளம் இருக்கும், 25 டிகிரி என்றால் 4.7 மி.மீ. வாங்கி மாற்றிய தடித்த பிளேடு 3 மி.மீ. என்றால் முறையே 6, 7.1 மி.மீ. மர இழைப்புளியின் பிளேடு பல நேரம் மேலிருந்து கீழே தடித்துக்கொண்டே வரும். அதனால் சாய்வு தொடங்கும் இடத்திலேயே தடிமனை அளக்க வேண்டும், நடுவில் அளந்தால் கணக்கு தப்பும். வெர்னியர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நல்ல எஃகு ஸ்கேலும் கண்ணும் போதும். பட்டறையில் தினமும் பயன்படும் கணக்கு இது ஒன்றுதான். இதை மனப்பாடமாக வைத்துக்கொண்டால் யாருடைய பிளேடை எடுத்தாலும் பார்த்த உடனே நிலைமை தெரிந்துவிடும்.

எந்த மரத்துக்கு எவ்வளவு

சாய்வு கீழே உள்ள இழைப்புளிக்கு என் பரிந்துரை: முதல் சாய்வு 25, அதன் நுனியில் மெல்லிய இரண்டாம் சாய்வு 30. பைன், மா, வேம்பு, தேக்கு எல்லாவற்றுக்கும் இது சரியாக வரும். தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா இருப்பதால் முனை சீக்கிரம் மழுங்கும். அதற்காகக் கோணத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டாம், அடிக்கடி தீட்டுங்கள். வேங்கை, சால் போன்ற கடின மரங்களிலோ கணு நிறைந்த பலகையிலோ முனை பொடிந்தால் இரண்டாம் சாய்வை 33 வரை ஏற்றலாம். இழைத்த பரப்பில் நூல் போலக் கோடுகள் மேலெழும்பித் தெரிந்தால் முனை பொடிந்திருக்கிறது என்று பொருள்.

நாரோட்டம் மாறி மாறி ஓடும் மரத்தில் நார் பிய்த்துக்கொண்டு வருகிறதா? அது வேறு நோய். தீட்டும் கோணத்தை மாற்றினால் அது தீராது, வெட்டும் கோணம்தான் மாறவில்லையே. இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பிளேடின் மேல் திருகி மாட்டும் சிப் பிரேக்கரை முனைக்கு மிக அருகே, 0.1 முதல் 0.3 மி.மீ. தூரத்துக்குக் கொண்டுவருவது. ஜப்பானின் யமகாதா பல்கலைக்கழகத்தில் காட்டோ, கவாய் என்ற ஆய்வாளர்கள் எடுத்த நெருக்கமான படங்களில், இவ்வளவு அருகே வைக்கும்போது சுருள் எப்படி உடனே நிமிர்த்தப்பட்டு, நார் முன்னால் பிளவுபடுவதற்கு முன் வெட்டுப்பட்டுவிடுகிறது என்று தெளிவாகக் காணலாம். இரண்டாவது வழி, பிளேடின் முதுகிலேயே மெல்லிய சாய்வு கொடுப்பது. முதுகில் 5 டிகிரி கொடுத்தால் வெட்டும் கோணம் 50, 10 கொடுத்தால் 55. அடி இடைவெளி குறையாது. ஆனால் திரும்ப 45-க்கு வர நினைத்தால் அவ்வளவு எஃகையும் தேய்த்துத் தள்ள வேண்டும். அதனால் முதலில் சிப் பிரேக்கரை முயன்று பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே வேலை முடிந்துவிடும்.

கல்லும் முதுகும் முதலில்

நடுவில் குழிந்த கல்லில் எந்தக் கோணமும் நிற்காது. நம்மூரில் இரண்டு பக்கமும் சொரசொரப்பு மாறும் கார்போரண்டம் கல்தான் பரவலாகக் கிடைக்கிறது. அதன் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, தடித்த கண்ணாடியில் விரித்த உப்புத்தாளில் தேயுங்கள். எல்லாக் கோடுகளும் அழிந்தால் கல் சமமாகிவிட்டது. எண்ணெய்க் கல்லுக்கு மண்ணெண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுக்காகிக் கல்லின் துளைகளை அடைத்துவிடும்.

பிளேடின் முதுகு முழுவதையும் கண்ணாடி போல ஆக்க வேண்டியதில்லை. முனையை ஒட்டி 10 மி.மீ. அளவு சமமாகவும் பளபளப்பாகவும் இருந்தால் போதும். ஆனால் அந்த 10 மி.மீ. கட்டாயம் வேண்டும். கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு, அதில் ஒரு பரப்பு துருப்பிடித்துக் குழி குழியாக இருந்தால் மறுபக்கம் எவ்வளவு தீட்டியும் பயனில்லை. இதை ஒரு முறை ஒழுங்காகச் செய்துவிட்டால், அடுத்தடுத்த முறை சில தேய்ப்புகளே போதும்.

25 டிகிரி முதல் சாய்வு

முனை பொடிந்திருந்தாலோ, கோணம் தப்பியிருந்தாலோ மட்டும்தான் இந்தப் படி தேவை. கிரைண்டர் இருந்தால், பிளேடு சாயும் மேடையைத் தோராயமாகச் சரித்து வைத்து, சாய்வு முழுவதும் கறுப்பு மார்க்கரால் பூசுங்கள். மோட்டாரைப் போடாமல் சக்கரத்தைக் கையால் சுற்றி, பிளேடை மெல்லத் தொடவிடுங்கள். மை சாய்வின் நடுவில் அழிந்தால் இருக்கும் கோணத்தோடு பொருந்துகிறது. முனைப் பக்கம் அழிந்தால் கோணம் அதிகமாகப் போகிறது, பின்பக்கம் அழிந்தால் குறைவாகப் போகிறது. மேடையை அதற்கேற்ப நகர்த்தி மீண்டும் பாருங்கள். கோணத்தை மாற்ற வேண்டியிருந்தால், மேலே சொன்னபடி நீளத்தை அளந்து, சாய்வு எங்கே முடிய வேண்டுமோ அங்கே பிளேடின் பக்கவாட்டில் கீறிவிட்டுத் தொடங்குங்கள்.

இங்கே ஆபத்து சூடுதான். சாதாரண கார்பன் எஃகு 300 டிகிரி செல்சியஸ் அருகே நீலமாகும், அந்த இடத்தில் கடினம் போய்விட்டது என்று பொருள். முனை மெலிந்திருப்பதால் கண் சிமிட்டும் நேரத்தில் அது நடந்துவிடும். விரலை முனைக்குப் பக்கத்திலேயே வைத்துப் பிடியுங்கள். விரலுக்குச் சுட்டால் உடனே தண்ணீரில் முக்குங்கள். முனை கூராகும் வரை கிரைண்டரில் ஓட்டாமல், ஒரு முடியளவு தட்டையாக விட்டு நிறுத்தி, மிச்சத்தைக் கல்லில் எடுப்பது நல்ல பழக்கம். நீலம் ஏற்கெனவே ஏறிவிட்டதென்றால் அந்தப் பகுதி தீரும் வரை பொறுமையாகத் தேய்த்துத் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை.

கிரைண்டர் இல்லாவிட்டால் கண்ணாடியில் ஒட்டிய 80 எண் உப்புத்தாள் போதும். நேரம் பிடிக்கும், ஆனால் சூட்டுப் பயம் கிடையாது.

30 டிகிரி இரண்டாம் சாய்வு

மரத்தை வெட்டுவது இந்த மெல்லிய பட்டைதான். சாய்வு முழுவதையும் பளபளப்பாக்க உட்கார்ந்தால் அரை மணி நேரம் போகும். கோணத்தை 5 டிகிரி ஏற்றி முனையில் அரை மில்லிமீட்டரை மட்டும் தீட்டினால் ஐந்து நிமிடம் தாண்டாது.

பிளேடைப் பக்கவாட்டில் பிடித்து, கல்லின் மேல் ஒரே கோணத்தில் உருட்ட உதவும் எளிய ஹோனிங் கைடு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எக்லிப்ஸ் அமைப்பில் வரும் கைடில் இழைப்புளி பிளேடு 50 மி.மீ. வெளியே நீட்டினால் 25 டிகிரி, 38 மி.மீ. நீட்டினால் 30 டிகிரி. உளிக்கு இதே கைடில் அளவு வேறு, 40-உம் 30-உம். ஏனென்றால் உளி உட்காரும் பள்ளம் கீழே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டாம். ஒரு பலகைத் துண்டின் ஓரத்தில் இருந்து 50, 38 மி.மீ. தூரத்தில் இரண்டு கட்டைகளை ஒட்டிவிடுங்கள். கைடைப் பலகை ஓரத்தில் முட்டவைத்து, பிளேடின் முனை கட்டையைத் தொடும் வரை தள்ளித் திருகினால் அளவு தானாக வந்துவிடும். இந்தச் சின்னப் பலகை கைடைவிடவும் முக்கியம் என்பேன். 30-க்குப் பதில் 31 வந்தாலும் நஷ்டமில்லை. ஒவ்வொரு முறையும் அதே 31 வர வேண்டும். மலிவான கைடுகளில் அளவு சற்று மாறும் என்பதால், முதல் முறை தீட்டிய பிறகு சாய்வின் நீளத்தை அளந்து பார்த்துக் கட்டையை ஒட்டுங்கள்.

இப்போது முனையில் மார்க்கர் பூசி, 1000 எண் கல்லில் இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். முனையை ஒட்டி மட்டும் மை அழிந்து, அந்தக் கோடு இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் வரை ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் அகலமாக இருந்தால் பிளேடு கைடில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. சரி என்றால் தொடருங்கள். பத்து இழுப்புக்குள் முதுகுப் பக்கம் பிசிறு எழும். நகத்தை முதுகின் மேல் முனையை நோக்கி நகர்த்தினால் தட்டுப்படும். பிசிறு முழு அகலத்திலும் வந்தால்தான் முனை வரை கல் சேர்ந்தது என்று அர்த்தம். நடுவில் மட்டும் இருந்தால் நிறுத்தாதீர்கள்.

அப்புறம் 4000, 8000 போன்ற மெல்லிய கல்லில் அதே நீட்டத்தில் ஏழெட்டு இழுப்பு. எண்ணெய்க் கல் வைத்திருப்பவர்கள் மெல்லிய பக்கத்தில் செய்து, மெருகேற்றும் பச்சைப் பசை தடவிய தோலில் முடிக்கலாம். தோலில் வாலைத் தூக்கி இழுக்க வேண்டாம், இவ்வளவு நேரம் காப்பாற்றிய கோணம் அங்கே உருண்டுவிடும். கடைசியாகக் கைடைக் கழற்றி, முதுகைக் கல்லில் முழுதாகப் படுக்கவைத்துத் தேய்த்துப் பிசிறை எடுங்கள்.

அகலப் பலகைகளை இழைப்பவர்கள் கடைசிச் சில இழுப்புகளில் ஒரு மூலையிலும் மறு மூலையிலும் விரலை மாற்றி மாற்றி அழுத்துங்கள். முனை மிக லேசாக வளைந்து, பலகையில் பிளேடின் மூலைக்கோடு விழாது.

கைடு இல்லாமல் கையால்

30-60 மூலைமட்டம் இங்கேதான் வேண்டும். கல்லின் பக்கத்தில் 30 டிகிரி முனை கீழே வரும்படி நிறுத்தி, பிளேடின் முதுகை அதன் நீண்ட பக்கத்தோடு ஒப்பிட்டுக் கையை அமைத்துக்கொள்ளுங்கள். மூலைமட்டம் இல்லாவிட்டால் இன்னொரு வழி: பிளேடின் வால் கல்லின் மேற்பரப்பில் இருந்து, பிளேடு நீளத்தில் பாதி உயரத்தில் இருந்தால் அதுவே 30 டிகிரி. 180 மி.மீ. பிளேடுக்கு 90 மி.மீ. உயரம். பிளேடு தேய்ந்து குட்டையானாலும் பாதி என்ற கணக்கு மாறாது. மணிக்கட்டையும் முழங்கையையும் இறுக்கிவைத்து, இடுப்பில் இருந்து முன்னும் பின்னும் அசையுங்கள். கை மட்டும் அசைந்தால் வால் ஏறி இறங்கி, முனை உருளும். சில இழுப்புக்கு ஒரு முறை நிறுத்தி மூலைமட்டத்தோடு ஒப்பிடுங்கள்.

சாய்வு மேலே உள்ள இழைப்புளி

இங்கே எல்லாம் தலைகீழ். லோ ஆங்கிள் வகையில் படுகை 12 டிகிரி. அடி இடைவெளி எப்போதும் அதே 12 தான், நீங்கள் எப்படித் தீட்டினாலும் மாறாது. மாறுவது வெட்டும் கோணம்: 12-ஓடு தீட்டிய கோணத்தைக் கூட்ட வேண்டும். 25-இல் தீட்டினால் 37 டிகிரி, பலகையின் குறுக்குவெட்டு முகத்தை இழைக்க அருமையாக இருக்கும். 38-இல் தீட்டினால் 50. மாறி ஓடும் நாருள்ள மரத்துக்கு 50-இல் தீட்டினால் 62 வரை போகலாம், தள்ளக் கனமாக இருக்கும், ஆனால் நார் பிய்யாது. இந்த வகை இழைப்புளிக்கு இரண்டு பிளேடு வைத்திருப்பது புத்திசாலித்தனம், ஒன்று 25-க்கு, இன்னொன்று 38-க்கோ 50-க்கோ. இந்த வகையில் முதுகு கீழே இருப்பதால் மரத்தில் உரசித் தேய்வதும் அதுதான். தீட்டும்போது முதுகைச் சற்றுக் கூடுதலாகத் தேய்த்து அந்தத் தேய்மானத்தை முழுவதும் நீக்க வேண்டும். சாய்வை மட்டும் தீட்டினால் கூர் பாதிதான் வரும்.

சோதனை

முனையை விளக்கின் நேரே பிடியுங்கள். கூரான முனை கண்ணுக்குத் தெரியாது, வெள்ளைக் கோடோ புள்ளியோ மின்னினால் அந்த இடம் இன்னும் மழுங்கியிருக்கிறது. பிறகு மென்மையான பைன் துண்டின் குறுக்குவெட்டு முகத்தை இழைத்துப் பாருங்கள். பளபளப்பாக வந்தால் வேலை முடிந்தது, பொடிப் பொடியாக வெளுத்துத் தெரிந்தால் மெல்லிய கல்லுக்குத் திரும்ப வேண்டும்.

அடுத்த முறை தீட்டும்போது 25-க்குப் போக வேண்டாம், 38 மி.மீ. கட்டையில் வைத்து இரண்டாம் சாய்வை மட்டும் புதுப்பியுங்கள். ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டை கொஞ்சம் அகலமாகும். அது ஒன்றரை மில்லிமீட்டரை நெருங்கும்போது முதல் சாய்வைத் திரும்ப எடுத்தால் போதும். எந்தக் கோணத்தில் தீட்டினீர்கள் என்பதைப் பிளேடின் மேல்பகுதியில் மார்க்கரால் எழுதிவைத்துவிடுங்கள், இரண்டு மூன்று பிளேடு வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம்.